வீட்டுக் குளத்தில் தவளை சாகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

குளத்துக்குள் மோட்டாரோ விளக்கோ இருந்தால், கையை விடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். நேற்று வரை நீந்திக்கொண்டிருந்த மீனும் தவளையும் ஒரே இரவில் சேர்ந்து மிதந்தால் மின்கசிவும் ஒரு காரணமாக இருக்கலாம். மோட்டாரை வெளியே எடுத்துக் கேபிளை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த இடமோ, டேப் சுற்றிய பழைய இணைப்போ தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கேபிளை மாற்றித்தான் ஆக வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத இணைப்பில் அந்த மோட்டாரைத் திரும்பப் போடாதீர்கள். தவளைக்காக மட்டும் சொல்லவில்லை.

அடுத்து, தண்ணீரை மாற்றத் தோன்றும். பொறுங்கள். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மாற்றிய பிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது.

செத்த தவளையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது அதிகம் சொல்லாது. கூட என்ன செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்பதுதான் பேசும். மீனும் தலைப்பிரட்டையும் செத்து, வளர்ந்த தவளை மட்டும் கரையில் நலமாக உட்கார்ந்திருந்தால் கோளாறு தண்ணீரில். செவுளால் மூச்சு விடுவதற்குத் தப்ப வழியில்லை. நுரையீரலும் காலும் உள்ளது வெளியே வந்துவிடும். மீன் நன்றாக இருக்க, பெரிய தவளை மட்டும் செத்தால் மூழ்கியது, இணைசேரும்போது இறந்தது, கடிபட்டது, நோய் என்று இந்த வரிசையில் யோசியுங்கள். தண்ணீர் மேல் ஓடும் பூச்சி, தட்டான் புழு, கொசுப்புழு எல்லாம் ஒன்றாகக் காணாமல் போயிருந்தால் பூச்சிமருந்து. குளத்தை விட்டுத் தள்ளி வாழை மூட்டிலும் தவளை செத்துக் கிடந்தால் அதில் சந்தேகமே வேண்டாம்.

குளத்தின் கொள்ளளவும் தெரிந்திருக்க வேண்டும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 6 அடிக்கு 4 அடி, ஆழம் 2 அடி என்றால் ஏறத்தாழ 1,360 லிட்டர். இனி வரும் அளவெல்லாம் 1,000 லிட்டருக்கு. இடமும் பருவமும் குமரி மாவட்டத்தை வைத்துச் சொல்வது.

காலையில் ஒன்றிரண்டு பெரிய தேரை மிதக்கிறது, மற்றதெல்லாம் நலம்

வீட்டுத் தொட்டிகளில் மிகச் சாதாரணமாக நடப்பது இதுதான். நோய் என்று பயந்து மருந்து வாங்க ஓடுவதும் இதற்குத்தான். தவளைக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும், ஆனால் நுரையீரல் உள்ள பிராணி ஓரிடத்தில் ஒதுங்கி மூச்சு விட வேண்டும். அதிலும் சொறித்தேரைக்கு விரலிடைச் சவ்வு குறைவு, நீச்சலில் சீக்கிரம் களைத்துவிடும். செங்குத்தான சிமெண்ட் சுவரும் வழுவழுப்பான டைல்ஸும் இருந்தால் இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றி நீந்தி, விடியுமுன் மூழ்கிவிடும்.

சுவரைக் குனிந்து பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேல் பச்சைப் பாசியில் விரல் விரலாக வழித்த கோடுகள் இருந்தால், அது ஏறப் பார்த்துச் சறுக்கிய தடம். விளிம்பில் அழகுக்காக உள்பக்கம் நீட்டிப் பதித்த கிரானைட் பட்டை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சுவரில் ஒட்டிக்கொண்டே மேலே வந்துவிட்டாலும் அந்த நீட்டலைத் தாண்ட முடியாது.

புதிதாகக் கட்டுபவர்கள் ஒரு பக்கத்தையாவது 1-க்கு 3 சரிவில் விடுங்கள்: 2 அடி ஆழத்துக்கு 6 அடி நீளச் சரிவு. ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால் கயிற்றுப்பாயே போதும். ஓர் அடி அகலக் கயிற்றுப்பாயை விளிம்புக்கு வெளியே ஒரு சாண் மடித்துக் கல் வைத்து அழுத்தி, மறுமுனையைத் தொட்டியின் அடிவரை தொங்கவிடுங்கள். அடிமுனையிலும் ஒரு கல் கட்டுங்கள், இல்லாவிட்டால் மிதந்து பயனில்லாமல் போகும். 6 அடிக்கு ஒன்று வேண்டும், மூலைகளில் கட்டாயம், ஏனென்றால் களைத்த தேரை மூலையில்தான் ஒதுங்கும். பலகை வைப்பதானால் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிச் சாய்வாக வையுங்கள். வெறும் பலகையில் ஒரே மாதத்தில் பாசி பிடித்து அதுவும் சறுக்கும். வெயில் காலத்தில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினாலும் பாய் தண்ணீரைத் தொட்டபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவெல்லாம் ஒழுங்காக இருந்தும், ஜூனில் தென்மேற்குப் பருவமழையோ அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையோ முதலில் வெளுத்து வாங்கிய மறுநாள் காலையில் ஒரு பெரிய பெண் தேரை செத்துக் கிடந்தால், அது இணைசேர்க்கை. ஒரு பெண்மேல் 3, 4 ஆண் தேரைகள் ஏறிப் பிடித்துக்கொள்ளும். பாரம் தாங்காமல் பெண் அடியில் மூழ்கிவிடும். செடித் தண்டுகளில் கருமணி கோர்த்த நூல் போல நீளநீளமாக முட்டை சுற்றியிருந்தால் உறுதி. உடலை மட்டும் அள்ளி எடுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

தலைப்பிரட்டை எல்லாம் ஒரே நாளில் செத்துவிட்டது

முதல் கேள்வி: நேற்றோ இன்றோ தண்ணீர் விட்டீர்களா? பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். குழாயின் கடைசி முனையில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும் என்பதுதான் குடிநீருக்கான இந்தியத் தரம். அது நமக்கு நல்லது, செவுளுக்கு ஆகாது. வற்றிய தொட்டியில் ஹோஸைப் போட்டு நிரப்பினால் சில மணி நேரத்தில் தலைப்பிரட்டை மல்லாந்துவிடும். கிணற்றுத் தண்ணீர்தானே விட்டோம் என்பவர்கள், மழைக்குப் பிறகு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று வீட்டில் கேளுங்கள். நல்ல பவுடரானால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பதுதான் கணக்கு. கைக்கு வந்தபடி அள்ளிப் போடுவதால் பல மடங்கு கூடிப்போகிறது.

அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் சோதனைச் சொட்டு மருந்தை விட்டுப் பாருங்கள். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. விட வேண்டிய தண்ணீரை வாயகன்ற டிரம்மில் மூடாமல், வெயில் படும்படி 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் அதே கடையில் ஹைப்போ என்று கேளுங்கள், சோடியம் தயோசல்பேட் படிகம். 1,000 லிட்டருக்கு 10 கிராமைத் தனியே ஒரு வாளியில் கரைத்து ஊற்றுங்கள். எந்தத் தண்ணீரானாலும் ஒரு நேரத்தில் கால் பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் சேர்க்கவில்லை, ஆனால் தொட்டி புதுசு என்றால் சிமெண்ட்டின் காரம். புதுப் பூச்சில் நிற்கும் தண்ணீரின் பி.எச். (அமிலம், காரம் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 11-ஐத் தாண்டும், வளர்ந்த தவளையின் தோலையே பொசுக்கிவிடும். நிரப்பி 4 நாள் விட்டு இறைத்துவிடுங்கள். குறைந்தது 4 தடவை. இடையில் ஒரு தடவை வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடுவது ஊர் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனாலும் பி.எச். தாள் 8.5-க்குக் கீழே காட்டும் வரை நம்பாதீர்கள். பழைய தொட்டியில் விரிசலுக்குச் சிமெண்ட் அடைத்தாலும், பக்கத்துச் சுவரில் வெள்ளையடித்த சுண்ணாம்பு மழையில் வழிந்து இறங்கினாலும் இதே கதைதான்.

துணி துவைக்கும் கல் குளத்துக்கு மேல்சரிவில் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சோப்பு நுரை செவுளைக் கெடுக்கும்.

துடிக்கிறது, கால் விறைத்து நீண்டிருக்கிறது, மல்லாந்து கிடந்து இழுக்கிறது

பூச்சிமருந்து. குமரி மாவட்டத்தில் வீடும் விளையும் (தோட்டமும்) ஒட்டியே இருப்பதால் மருந்தை நீங்கள் அடித்திருக்க வேண்டும் என்றில்லை. மேல்சரிவில் எவர் அடித்தாலும் ஒரே மழையில் உங்கள் குளத்துக்கு வந்துவிடும். எங்கே தேடுவது என்பது நீங்கள் இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. குலசேகரம், அருமனைப் பக்கம் என்றால் மழைக்கு முன் ரப்பர் மரத்துக்கு இலை உதிர்வு நோய்க்காக அடிக்கும் தாமிர மருந்து. தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே தலைப்பிரட்டைக்கும் நத்தைக்கும் நஞ்சு. தோவாளைப் பக்கம் பூந்தோட்டத் தெளிப்பு. மற்ற இடங்களில் வாழை மூட்டில் போடும் குருணை, தென்னைக் குருத்தில் காண்டாமிருக வண்டுக்காக மணலோடு கலந்து வைக்கும் பொடி. ஃபோரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31-ஓடு தடை வந்துவிட்டது. பழைய பாக்கெட் ஏதாவது மூலையில் கிடந்தால் அதை முதலில் கண்டுபிடியுங்கள். களைக்கொல்லியையும் விட்டுவிடாதீர்கள். கிளைபோசேட்டில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருளே தலைப்பிரட்டையைக் கொல்லும்.

வீட்டுக்குள்ளிருந்து வருவதைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள். நாய்க்கு உண்ணி மருந்து போட்டுக் குளிப்பாட்டிய தண்ணீர், அஸ்திவாரத்தில் துளையிட்டு விட்ட கரையான் மருந்து, கொசுவுக்கு அடித்த புகை. 'இயற்கை' என்று எழுதியிருப்பதாலும் நம்பிவிடாதீர்கள். இலுப்பைப் புண்ணாக்கு இயற்கைதான். மீன் வளர்ப்பவர்கள் வேண்டாத மீனைக் கொல்லக் குளத்தில் போடுவதும் அதைத்தான்.

உறுதிப்படுத்த ஆய்வகம் இல்லாமலே ஒரு வழி உண்டு. ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரில் பாதியை வெளியே எடுத்து வெப்பம் சமமாகும் வரை விடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் அந்தத் தண்ணீர், இன்னொன்றில் சுத்தமான மழைத்தண்ணீர். மருந்து படாத இடத்திலிருந்து கொசுப்புழு பிடித்து இரண்டிலும் பத்துப் பத்து விட்டு, துணியால் வாயைக் கட்டி 24 மணி நேரம் வையுங்கள். மழைத்தண்ணீரில் நெளிந்துகொண்டிருக்க, குளத்துத் தண்ணீரில் அடியில் கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. தாமிரம், களைக்கொல்லி இரண்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். பூச்சிக்கொல்லிக்கு மட்டுமே இதை நம்புங்கள். முடிந்ததும் புழுவைத் தரையில் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் மாற்றுவதற்கு முன் வரத்தை அடையுங்கள்: மேல்சரிவுப் பக்கம் அரை அடி உயர வரப்பும், அதற்கு வெளியே மழைத்தண்ணீரைத் திருப்பிவிட ஒரு சாலும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மறுநாள் மூன்றில் ஒரு பங்கு; முன்பு சொன்ன கால் பங்கு வரம்பு இங்கே மட்டும் பொருந்தாது. மீன்தொட்டி வடிகட்டிக்கு விற்கும் ஆக்டிவேட்டட் கார்பனை 1,000 லிட்டருக்கு 1 கிலோ, வலைப்பையில் கட்டி மோட்டார் தண்ணீர் விழும் இடத்தில் 2 வாரம் தொங்கவிடுங்கள். அடுப்புக்கரி அதே வேலையைச் செய்யாது. இறைத்த தண்ணீரை ஓடையில் விடாதீர்கள்.

விடியற்காலையில் மீனும் தலைப்பிரட்டையும் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறது, வெயில் ஏறினால் சரியாகிறது

ஆக்சிஜன் பற்றாக்குறை. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் பிடிக்காது. நம்மூர்த் தொட்டிகள் வருஷத்தில் பெரும்பகுதி அந்த 30-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. பாசியும் செடியும் பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் அவையே இழுக்கும். அடியில் மக்கும் இலை இரவு பகல் இல்லாமல் இழுக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ரப்பர் மரம் இலையை மொத்தமாகக் கொட்டும்; அது அடியில் கிடந்து மக்க, வெயில் காலத்தில் விளைவு தெரியும். பலாவும் மாவும் வருஷம் முழுக்க.

ஒரு கம்பை அடிவரை குத்தி எடுங்கள். 2 அங்குலத்துக்கு மேல் கறுப்புச் சேறு ஒட்டி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. இங்கேதான் தப்பு நடக்கும்: நாற்றம் தாங்காமல் ஒரே நாளில் மொத்தச் சேற்றையும் கலக்கி வாருவார்கள், அந்த வாயு தண்ணீரில் கலந்து மிச்சம் இருப்பதும் சாகும். மூன்றில் ஒரு பங்கு பரப்பை மட்டும் வாரி, அடுத்த பங்குக்கு ஒரு மாதம் விடுங்கள். மாசி, பங்குனி இதற்குத் தோதான காலம். வாரிய சேற்றை ஒரு நாள் கரையிலேயே வைத்தால் அதிலுள்ள உயிர்கள் தாமே திரும்பிவிடும்; பிறகு தென்னை மூட்டுக்கு நல்ல உரம்.

இன்றைக்கே சமாளிக்க, வாளியால் மொண்டு முழங்கால் உயரத்திலிருந்து 20 நிமிடம் ஊற்றுங்கள். மீன் தீனியை ஒரு வாரம் நிறுத்துங்கள். ஆகாயத்தாமரை, அல்லி எதுவானாலும் பரப்பில் பாதியை மூடலாம், அதற்கு மேல் வேண்டாம். மோட்டார் உறிஞ்சும் வாயில் கொசுவலை சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் தலைப்பிரட்டை உள்ளே போய்க் கூழாகும்.

முட்டை வெள்ளையாகிப் பஞ்சு பூக்கிறது

பஞ்சு காரணமில்லை, ஏற்கெனவே செத்த முட்டையின் மேல் வளர்வது. அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் இயல்பு. கூட்டம் முழுதும் வெளுத்தால் அமிலமோ உப்போ பாருங்கள். மேற்குப் பக்கச் செம்புரை மண்ணில் கிணற்றுத் தண்ணீரே கொஞ்சம் அமிலமாக இருக்கும். அதோடு ரப்பர் பால் உறைய வைத்த டிஷ் கழுவிய தண்ணீரும் சேர்ந்தால், அதிலுள்ள ஃபார்மிக் ஆசிட் பி.எச்.-ஐ 5-க்குக் கீழே தள்ளிவிடும். சிப்பி ஓட்டை நொறுக்கி 1,000 லிட்டருக்கு 1 கிலோ வலைப்பையில் தொங்கவிடுங்கள், மெல்ல ஏறும். நீற்றின சுண்ணாம்பைப் போட்டால் ஒரே நாளில் மறுகோடிக்குப் போய்விடும்.

மணக்குடி, ராஜாக்கமங்கலம், குளச்சல் என்று கடலோரத்தில் இருப்பவர்கள், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் கிணற்றைச் சோதியுங்கள். 2,000-ஐத் தாண்டும் தண்ணீரில் முட்டையை எதிர்பார்க்க வேண்டாம். கூரை மழைத்தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்புங்கள். மீன் நோய்க்கென்று கல்லுப்பு போடும் பழக்கத்தையும் விடுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. தொட்டிச் சுவரிலோ தண்ணீர் மேல் சாய்ந்த கிளையிலோ சோப்பு நுரை போலக் கையளவு வெள்ளை உருண்டை, இரண்டொரு நாளில் மேற்புறம் பழுப்பேறிக் காய்ந்தது போலத் தெரியும். பூஞ்சை என்று சுரண்டி எறிந்துவிடாதீர்கள். அது மரத்தவளையின் நுரைக்கூடு. உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். பொரித்த குஞ்சு நுரை கரையக் கரையச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். கூடு இருக்கும் வரை நீர்மட்டத்தை அதன் உயரத்துக்கு ஏற்றாமல் இருந்தால் போதும்.

உடலே இல்லை, எண்ணிக்கை மட்டும் குறைகிறது

மீன். கொசுவுக்காக விட்ட கம்பூசியாவும் சரி, ஜிலேபியும் சரி, முட்டையையும் சிறு தலைப்பிரட்டையையும் விட்டுவைக்காது. இந்த மீனையும் தலைப்பிரட்டையையும் ஒரே தொட்டியில் வளர்க்க நினைப்பது வீண். கொசுப் பயம் இருந்தால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாத் தூளை அட்டையில் போட்ட அளவுக்கு இடுங்கள், தலைப்பிரட்டைக்கு அநேகமாகத் தொந்தரவில்லை. வயிறு மட்டும் கிழிந்து முதுகுத்தோல் மிஞ்சிய தேரை காக்கையின் வேலை. முதுகில் நஞ்சு இருப்பதை அது கற்றுவைத்திருக்கிறது. கண்ணும் காலும் அப்படியே இருக்க, உள்ளே ஒன்றுமில்லாமல் தோல் பை போலத் தொய்ந்து மிதக்கும் சின்னத் தவளையைப் பார்த்தால் பக்கத்துச் செடியைத் தேடுங்கள். விரல் நீளப் பழுப்பு நீர்மூட்டைப் பூச்சி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி போட்டு உள்ளே கரைத்து உறிஞ்சியிருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், கடித்தால் கடுமையாக வலிக்கும். கொக்கும் தண்ணீர்ப்பாம்பும் வருவதைக் கோளாறாக எடுக்க வேண்டாம்.

தொடையின் உட்பக்கம் ரத்தச் சிவப்பு, வயிறு வீக்கம், மந்தம்

அழுக்குத் தண்ணீரும் நெரிசலும் இருக்கும் இடத்தில் பாக்டீரியா தரும் சிவப்புக்கால் நோய். ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலக்காதீர்கள். நோய்ப்பட்டதைத் தனி வாளிக்கு மாற்றி, குளத்தில் நாளுக்குக் கால் பங்காக ஒரு வாரம் தண்ணீர் மாற்றுங்கள். உலகெங்கும் தவளைகளை அழித்த கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் 17 முதல் 25 டிகிரி வரைதான் அது செழிக்கும். நாகர்கோவில் வெயிலில் நிற்கும் தொட்டியில் அதைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும். ஒரே வாரத்தில் பத்துக்கு மேல், வேறு எந்தக் காரணமும் பொருந்தாமல் செத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உடலை ஐஸில் கொண்டுபோக வேண்டும், ஃபிரீசரில் உறைய வைத்தால் திசு கெட்டுவிடும்.

மற்ற உடல்களைக் கையுறையோடு எடுத்து, கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி 2 அடி ஆழத்தில் புதையுங்கள். நாய் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். வயலில் பிடித்த தவளையைக் கொண்டுவந்து விட வேண்டாம், கூட நோயும் வரும். நல்ல தண்ணீர் இருந்தால் அடுத்த மழைக்குத் தானே வரும்.

கரையில் சுண்டுவிரல் நகம் அளவு குட்டிகள் கருகிக் கிடக்கின்றன

முட்டையிட்டு 5 வாரம் போல ஆனதும் தேரைக்குட்டிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கரையேறும். சூடான சிமெண்ட் முற்றத்தைக் கடக்க முடியாமல் காய்ந்துவிடும். குளத்தைச் சுற்றி 2 அடி அகலத்துக்குச் சருகும் ஓலையும் பரப்பி, காலையும் மாலையும் நனைத்து வையுங்கள். அந்த ஒரு வாரம் வாரியல் (துடைப்பம்) அந்தப் பக்கம் போக வேண்டாம்.